மலையேறிய கப்பல்

எங்கள் கீழ்வீட்டுக்காரருடைய கப்பல் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மலையேறியது. ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பாதியைக் கழிங்க" என்றாள். கழித்தேன். "இன்னும் கழிங்க" என்றாள். கழித்துக் கழித்துக் கடைசியில் ஐந்து பேரில் வந்து நிற்கிறது. அந்த ஐந்து பேரும் நல்லபடியாக உயிரோடு இருக்கிறோம். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம், டீ உண்டு.

நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். 'சில இடங்களில் மழை பெய்யலாம்' என்று எழுதியே பிள்ளைகளை ஆளாக்கியவன். அந்தச் 'சில இடம்' எது என்று கடைசிவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இந்தக் கதையில் வரும் எண்களில் நான் கைவைக்கவில்லை. அவற்றில் கைவைத்தால் ஒன்பது பேர் செத்திருப்பார்கள்.

கீழ்வீட்டின் முன்னறை முழுக்கத் தார்ப்பாய். என் தங்கச்சி அதைத் தைக்கிறாள். கூடப் பிறந்தவள் இல்லை. பதினெட்டு வருஷம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியதில் ஒட்டிக்கொண்ட உறவு. கப்பல்களில் சரக்கறையை மூடுகிற தார்ப்பாய், மேல்தளத்தில் கட்டுகிற நிழல் கூரை, படகுக்குப் போர்த்துகிற உறை எல்லாம் அவள் கைவேலை. ஒரு ஊசி பேனா நீளம் இருக்கும். அதைத் தள்ள உள்ளங்கையில் தோல்பட்டை மாட்டியிருப்பாள். நூலுக்கு மெழுகு பூசிப் பூசி அவள் விரல் பட்ட டீ டம்ளர்கூட வழுக்கும். பெரிய தார்ப்பாய் வந்துவிட்டால் அந்த அறையில் நடக்க இடமிருக்காது. சுவரோரமாக நண்டு மாதிரி போகவேண்டும். மிதித்தால் தீர்ந்தது. துறைமுகத்திலேயே பெரிய அதிகாரி ஒருவரிடம், "செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் பேசுங்க" என்று சொன்னவள் அவள்.

அவள் புருஷன் செராங்கு. அதாவது கப்பலில் தளத்து வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவர். ஊர் விட்டு ஊர் வெங்காயம், ஓடு, சிமெண்ட் எல்லாம் ஏற்றிப்போகும் ஒரு சின்ன மரக்கப்பல், ஒன்பது ஆள். பெரிய கப்பல்களில் இருக்கும் பளபளப்புக் கருவியெல்லாம் அதில் கிடையாது. இடம் காட்டும் பெட்டி ஒன்று, குறுஞ்செய்தி மட்டும் ஒழுங்காகப் போகும் ஒரு பழைய செயற்கைக்கோள் ஃபோன், அவ்வளவுதான்.

செராங்கு நல்ல மனுஷன். ஒரே குறை, பேசமாட்டார். பத்து நாளைக்கு ஒரு தடவை ஃபோன் பண்ணுவார்.

"எங்க இருக்கீங்க?" என்பாள் தங்கச்சி.

"கடல்ல."

"கடல்ல எங்க?"

"நடுவுல."

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவர் தன் இருப்பிடம் பற்றிச் சொன்ன தகவல் மொத்தமும் இதுதான்.

இவர்களுக்கு ஒரே பெண். ஒல்லியாக, விறைப்பாக, தலை மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் சின்ன வயசிலேயே குண்டூசி என்று பேர் விழுந்துவிட்டது. குத்தவும் செய்வாள். செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் இணையப் பக்கம் செய்துகொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஒருநாள் அம்மாவிடம், "செருப்பு எங்க வருதுன்னு ஊர்பூரா பாக்கலாம். எங்கப்பா எங்க வர்றாருன்னு மட்டும் பாக்க முடியாதா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் பயணக்குறிப்புப் பக்கம்.

யோசனை எளிது. கடலில் இருக்கிறவர் காலை எட்டு மணி, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு என்று மூன்று தடவை, தான் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பவேண்டும். பக்கம் அதை வாங்கி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எளிது என்று சொன்னேனே தவிர, குண்டூசி முதலில் செய்தது இருபத்திரண்டு கேள்வி கொண்ட ஒரு விண்ணப்பம். அப்பா லீவில் வந்திருந்தபோது அவரை உட்காரவைத்துப் பரிசோதித்தாள். நானும் மாடியிலிருந்து இறங்கிவந்து, வேடிக்கை பார்க்கச் சுவரோரமாக இடம் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு இது, பரீட்சைத் தாளா?" என்றார் செராங்கு.

"பயணக்குறிப்புப்பா. ஒவ்வொண்ணா நிரப்புங்க."

"'மனநிலை'ன்னு போட்டிருக்கு."

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு எழுதணும்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "கப்பல்ல என்னை யாரும் இதைக் கேட்டதில்லையே" என்றார் பரிதாபமாக.

"அதை எடுத்துடு" என்றாள் தங்கச்சி, தார்ப்பாய்க்குள்ளிருந்து. "அலையோட உயரம், மேகம், பாக்குற மீனு, எல்லாத்தையும் எடு. என்ன சாப்பிட்டாருன்னு மட்டும் ஒரு கட்டம் வை."

"அம்மா, இது கடலோடிகளுக்கான பக்கம்."

"கடலோடி சாப்பிடமாட்டானா?"

சரி என்று அதை வைத்தாள். அடுத்த இடைஞ்சல் செராங்கின் கட்டைவிரல். அது ஒரு விரலே இல்லை, சின்னதாக ஒரு தோணி. ஒரு தடவை அழுத்தினால் மூன்று எழுத்து விழும். நான் கூட்டிச் சொல்லவில்லை. என் பேர் எழுதச் சொன்னதற்கு ஏதோ மருந்துப் பேர் வந்தது.

"எண்ணுக்கு மேல குட்டி வட்டம் போட்டு, அப்புறம் எண் எழுதி, அதுக்கு மேல ஒரு கோடு இழுப்போமே," என்றார். "அது இந்த ஃபோன்ல இல்லையே கண்ணு."

"அந்த வட்டம் கோடெல்லாம் வேணாம்பா. நடுவுல ஒரு புள்ளி மட்டும் வைங்க. மீதிய பக்கம் பாத்துக்கும்."

"புள்ளி போதுமா?"

"போதும்பா."

"அப்ப சுலபம்" என்று முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பெண்ணுக்கும்தான். இருபத்திரண்டு கேள்வி மூன்றாகிவிட்டது. இரண்டு எண், ஒரு சாப்பாடு. நான் கைதட்டினேன். முப்பத்தாறு வருஷம் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதித் தேய்த்த கை இது. அந்தக் கையே தட்டியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தெருக்கோடியில் கடலோடிகள் குடும்பச் சங்கம் இருக்கிறது. அறுபத்தொரு குடும்பம். அதன் தலைவருக்கு நாற்காலியார் என்று பேர். ஒருகாலத்தில் கேப்டனாக இருந்தவர். சங்க நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தேர்தல் வந்தால்கூட நாற்காலியோடு சேர்த்துத்தான் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். குண்டூசி போய்ப் பக்கத்தைக் காட்டினாள்.

"புருஷன் எங்க இருக்கான்னு பொண்டாட்டி மூணு வேளையும் பாக்கறதா? வெளங்குமா குடும்பம்?" என்றார்.

"பாக்காம இருந்தா வெளங்குதா சார்?" என்றாள் குண்டூசி.

சுற்றியிருந்த பெண்கள் சிரித்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி. உங்கப்பன் கப்பலை வெச்சு ஒரு நடை காட்டு. ஒழுங்கா காட்டினா எல்லாரும் சேர்றோம். தப்பா காட்டினா, இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

செராங்கு புறப்பட்டார். சரக்கை இறக்கி, வேறு சரக்கை ஏற்றி, திரும்புகிற வழியில் நடுக்கடலுக்கு வந்த பிறகு முதல் செய்தி வந்தது. நீலத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. தங்கச்சி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து பார்த்தாள். அந்தப் புள்ளியைத் தொடக்கூடத் தொட்டாள்; திரையில் மெழுகு ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு தூரத்துலயா இருக்காரு," என்றாள். பிறகு, "பக்கத்துல ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கடலில் 'நடு' என்பது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் திருவிழாக்கூட்டம்தான். எட்டு மணி, பன்னிரண்டு, ஆறு என்று மூன்று வேளையும் தெருப்பெண்கள் வந்து சுவரோரமாக நண்டு மாதிரி வரிசையில் நிற்பார்கள். 'முட்டை, உருளைக்கிழங்கு.' 'உருளைக்கிழங்கு.' 'உருளைக்கிழங்கு, உப்பு ஜாஸ்தி.' செராங்கு எழுதிய சாப்பாட்டு வரிகளைப் படித்து அவரவர் வீட்டு ஆண்களின் வயிற்றுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டார்கள். கப்பல் நாளுக்கு நாள் வடக்கே ஏறிவந்தது. இடதுபக்கம் கரை நெருங்கியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புள்ளி கரைமேல் ஏறியது.

ஏதோ ஓரமாகத் தெரிகிறது என்று நினைத்தோம். சாயங்காலம் ஆறு மணிச் செய்தி வந்தபோது கப்பல் மலைமேல் இருந்தது. வரைபடத்தில் பச்சையும் பழுப்புமாக மலை. உச்சிக்குச் சற்றுக் கீழே சிவப்பாகச் செராங்கு. அந்த நேரம் அறையில் தங்கச்சி, குண்டூசி, என் வீட்டுக்காரி, நான். ஐந்தாவதாக, வாழ்க்கையில் என்றைக்குமில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்து, யாரோ போய்ச் சொல்ல, புளகாங்கிதத்தோடு அங்கே வந்து நின்ற நாற்காலியார்.

"உங்கப்பன் கப்பலுக்கு எப்பம்மா சக்கரம் மாட்டினான்?" என்றார் அவர். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது.

"கப்பல் மலையேறிடுச்சு போலிருக்கே" என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்.

"அண்ணே, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க" என்றாள் தங்கச்சி. சிரிக்கவில்லை அவள்.

என் வீட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள். அந்த இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. இரண்டு நாள் என்று அவள் சொல்கிறாள்.

குண்டூசி கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்தாள். அப்பா அனுப்பிய எண்தான் பக்கத்திலும் இருந்தது. அந்த எண்ணுக்கு எந்த இடமோ அந்த இடத்தில்தான் புள்ளி இருந்தது. வேறு இரண்டு வரைபடத்தில் போட்டுப் பார்த்தாள். மூன்றுமே மலையைத்தான் காட்டின. 'எங்கே இருக்கிறீர்கள்' என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது: 'கடல்ல.'

புதன்கிழமை காலை எட்டு மணி. தங்கச்சி ஒரு கடை வாசல் நிழல்கூரைக்குத் துணி வெட்ட உட்கார்ந்திருந்தாள். நான் டீயோடு படியில் இருந்தேன். குண்டூசியின் ஃபோன் அடித்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் படித்துவிட்டு அப்படியே தார்ப்பாய்மேல் நின்றுவிட்டாள், செருப்போடு. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே எனக்கு விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"படி" என்றாள் தங்கச்சி.

"ஒன்பது புள்ளி நாலு ஏழு. அப்புறம் ரெண்டாவது எண். 'எஞ்சின் நின்னுடுச்சு. உள்ள தண்ணி. கரண்ட் போச்சு. காத்து கரையப் பாத்து தள்ளுது. நங்கூரம் தரை தொடல. ஃபோன்ல சார்ஜ் தீருது. சொல்லிடு.' அவ்வளவுதாம்மா. சாப்பாடு எழுதலை."

திரும்பக் கூப்பிட்டால் மணியே போகவில்லை.

கடல் மீட்பு நிலையத்துக்குக் குண்டூசி ஃபோன் போட்டாள். எடுத்தது ஒரு பெண் அதிகாரி. குரல் நிதானமாக, ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளும் குரல். எண்ணைச் சொன்னதும் தன் வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்.

"இது தரையில காட்டுதும்மா. மலை."

"தெரியும் மேடம். நேத்தும் அப்படித்தான் காட்டுச்சு. ஆனா கப்பல் கடல்லதான் இருக்கு."

"கடல்ல எங்க?"

குண்டூசி கெஞ்ச ஆரம்பித்தாள்.

"மேடம், எப்படியாவது ஒரு படகு..."

"படகு தயாரா இருக்கும்மா. ஆனா ஒரு படகுதான். இந்தக் கரை நூறு மைல். வடக்க போகவா, தெற்க போகவா? ஒரு பக்கம் போயிட்டு இல்லேன்னு திரும்பினா இருட்டிடும். அந்தக் கரை நெடுக அடியில பாறை வேற. சரியான இடம் கிடைச்சா அடுத்த நிமிஷம் அனுப்பறேன். அதுவரைக்கும் ரேடியோவுல கூப்பிட்டுப் பாக்கறேன். வேற கப்பல்களையும் கேக்கறேன்."

நான் மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயசில் அது ஏறினேன் என்று அர்த்தம். பழைய அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் காற்றைக் கேட்டேன். கிழக்கிலிருந்து மேற்கே, ஒரே சீர். அந்தக் காற்றில் எஞ்சின் நின்ற கப்பல் மணிக்கு ஒரு மைல் கரையை நோக்கி நகரும். கணக்கு வந்தது, எந்த இடத்திலிருந்து கணக்கு வைப்பது என்பதுதான் வரவில்லை.

கீழே வந்தால் குண்டூசி அழுதுகொண்டிருந்தாள். "நான் செஞ்சதுதான் மாமா. என் பக்கம் சரியா இருந்தா இந்நேரம் படகு பாதி தூரம் போயிருக்கும். நாற்காலியார் சொன்னதுதான் சரி. தப்பான இடத்தைக் காட்டறதுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கலாம்."

"மூக்கைத் துடை" என்றாள் தங்கச்சி.

அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது துணி வெட்டுகிறாளே என்று யாராவது பார்த்தால் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அந்தக் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கிவிட்டால் அவள் விழுந்துவிடுவாள். கடைக்காரன் அனுப்பிய அளவுச் சீட்டைத் தரையில் வைத்து, மேலே சுண்ணக்கட்டியை வைத்திருந்தாள். டேப்பை இழுத்தாள், கோடு போட்டாள், வெட்டினாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடியே. அப்பா அனுப்பின எண்ணெல்லாம் இருக்கா?"

"இருக்கும்மா."

"முதல்லேர்ந்து படி. மெதுவா."

"எதுக்கும்மா இப்ப?"

"படின்னா படி."

குண்டூசி படித்தாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் அஞ்சு புள்ளி ஒண்ணு அஞ்சு. சாயங்காலம் அஞ்சு புள்ளி மூணு ஒன்பது. திங்கக்கிழமை ஆறு புள்ளி மூணு அஞ்சு. ஆறு புள்ளி அஞ்சு ஒண்ணு. ஏழு புள்ளி ஒண்ணு அஞ்சு..."

"நிறுத்து. ஆறு அம்பத்தொண்ணு. அடுத்தது ஏழு பதினஞ்சா?"

"ஆமாம்மா. ஆறு மணி நேரம் கழிச்சு."

"மறுநாள் அதே ஆறு மணி நேரத்துக்கு?"

"எட்டு புள்ளி ரெண்டு ஏழு... எட்டு புள்ளி அஞ்சு ஒண்ணு."

"எட்டு இருபத்தேழு, எட்டு அம்பத்தொண்ணு" என்று தங்கச்சி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுண்ணக்கட்டியால் தார்ப்பாய் மேலேயே எழுதினாள். "ஒருநாள் தாவறாரு, மறுநாள் தவழறாரு. அதே கப்பல், அதே எஞ்சின். சரி, இதச் சொல்லு. மொத்தச் செய்தியிலயும் புள்ளிக்குப் பின்னாடி எழுபதுன்னு எங்கயாவது வந்திருக்கா? எண்பது? தொண்ணூறு?"

குண்டூசி விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மேலே, கீழே, மறுபடி மேலே. இரண்டு வரிசையையும் பார்த்தாள். "இல்லம்மா. ஒண்ணுகூட. அதிகபட்சம் அம்பத்தெட்டு."

"அப்ப ஆறு அம்பத்தொண்ணுக்கும் ஏழுக்கும் நடுவுல இருந்த கடலை யாரு தூக்கிட்டுப் போனா?"

அவள் அளவுச் சீட்டை எடுத்து எங்கள் முன்னால் போட்டாள். கடைக்காரன் கோழிக்கிறுக்கலாக எழுதியிருந்தான்: 9.11.

"இது எவ்வளவு?"

"ஒன்பது புள்ளி ஒண்ணு ஒண்ணு" என்றாள் குண்டூசி. "ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல."

"நாசமாப் போச்சு. துணி முக்கா அடி குறைஞ்சிருக்கும். இது ஒன்பது அடி பதினோரு இஞ்ச். இன்னும் ஒரு இஞ்ச் போனா பத்தடி. அவன் புள்ளி வைக்கறது இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் இஞ்ச்சுன்னு பிரிக்கறதுக்கு. உங்கப்பனும் அப்படித்தான் வெச்சிருக்காரு. நீதானே புள்ளி வைன்னு சொன்னே? அண்ணே, அவரு கணக்குல எத்தனை ஆனா அடுத்த எண்ணு மாறும்?"

"அறுபது!" என்று கத்தினேன். நான் கத்தியது துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும். "அறுபது தங்கச்சி! ஒரு டிகிரிக்கு அறுபது மினிட்! நாப்பத்தேழு மினிட்டு அது! ஐயோ, முப்பத்தாறு வருஷம் இதைத்தானே எழுதினேன், எனக்கு எதுக்குப் பென்ஷன் குடுக்கறாங்க!"

குண்டூசி உட்கார்ந்துவிட்டாள். அப்படியே தரையில், தார்ப்பாய் நடுவில், மடியில் கணினியை வைத்துக்கொண்டாள். நாற்பத்தேழை அறுபதால் வகுத்தாள். இரண்டாவது எண்ணில் புள்ளிக்குப் பின்னால் முப்பத்தெட்டு; அதையும் வகுத்தாள். பக்கத்தில் ஒரே ஒரு வரியை மாற்றி எழுதித் தட்டினாள்.

அதை நான் எப்படிச் சொல்வது! மலைமேல் இருந்த கப்பல் இறங்கியது. ஒன்று மட்டுமில்லை, நேற்று கரைமேல் ஏறியது, முந்தாநாள் தாவியது, அதற்கு முந்தியது என்று மொத்தப் புள்ளிகளும் ஒரே தட்டில் நகர்ந்து, வரிசை பிடித்து, கரையை ஒட்டி நீலத்துக்குள்ளே வளைந்து நின்றன. தேர்ந்த கை போட்ட தையல் மாதிரி, ஒன்றுக்கொன்று அளவான இடைவெளியில். கடைசிப் புள்ளி கரையிலிருந்து பத்து மைல் தள்ளித் தண்ணீரில் இருந்தது.

"அதோ இருக்காரு" என்றாள் தங்கச்சி.

மணி பதினொன்று ஆகவில்லை. ஃபோனில் குண்டூசி எண்ணைச் சொன்னாள், எப்படி வந்தது என்று சொன்னாள். நான் ஃபோனைப் பிடுங்கி, காற்று, நகரும் வேகம், அதனால் படகு போய்ச்சேரும்போது கப்பல் ஆறு மைல் மேற்கே வந்திருக்கும், அந்த இடத்துக்கு நேராகப் போங்கள் என்று சொன்னேன். வாழ்நாளிலேயே முதல் தடவையாக 'லாம்' போடாமல் பேசினேன். அந்தப் பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "படகு கிளம்பிடுச்சு சார்" என்றார். கிளம்பவேண்டும் என்று சொல்லவில்லை. கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் மூன்றரை மணி நேரம். அதை மட்டும் பெரிதாக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் இருந்தது, அதுவே அதிகம். என் வீட்டுக்காரி சோறாக்கிக் கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுவரோரம் நின்றார்கள். யாரும் தார்ப்பாயை மிதிக்கவில்லை. தங்கச்சி தைத்தாள். ஊசி தோல்பட்டையில் முட்டும் சத்தம் மட்டும் டக் டக்கென்று கேட்டது.

இரண்டரை மணிக்கு ஃபோன் வந்தது. குண்டூசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கயிறு கட்டியாச்சும்மா" என்றது அதிகாரியின் குரல். "ஒன்பது பேரும் நல்லா இருக்காங்க. பாறைக்கு நாலு மைல் இருந்தது. நீங்க சொன்ன இடத்துலேர்ந்து அரை மைல்கூடத் தள்ளி இல்ல. உங்கப்பா பேசணுங்கறாரு."

கரகரவென்று சத்தம். காற்று. பிறகு அவர்.

"கண்ணு... அம்மா இருக்காளா?"

"இருக்கேன்" என்றாள் தங்கச்சி. பழக்கதோஷம், கேட்டுவிட்டாள்: "எங்க இருக்கீங்க?"

"அதான் உனக்கே தெரியுமாமே" என்றார் செராங்கு.

அந்தச் சிரிப்பில் எங்கள் கட்டடம் ஆடியது. சுவரில் விரிசல்கூட விட்டிருக்கிறது, காட்டுகிறேன். அது முன்னாடியே இருந்தது என்று வீட்டுக்காரி சொல்கிறாள்.

மறுநாள் காலை கப்பலை எங்கள் துறைமுகத்துக்கே இழுத்து வந்தார்கள். அறுபத்தொரு குடும்பமும் தளத்தில் நின்றது. செராங்கு இறங்கி வந்து, தன் பெண் தலையில் அந்தத் தோணி விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். மனநிலை என்று ஒரு கட்டம் இருந்ததே, அதில் எழுத வேண்டியது எல்லாம் அந்த அழுத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பயணக்குறிப்புப் பக்கத்தில் இப்போது எண்ணுக்கு நடுவே புள்ளி வைக்கும் வேலையே இல்லை. டிகிரிக்கு ஒரு கட்டம், மினிட்டுக்கு ஒரு கட்டம். மினிட்டில் அறுபது என்று போட்டால் வாங்கவே வாங்காது, திருப்பித் துப்பும். நாற்காலியார் எழுந்து நின்றார். ஒரு வாரத்தில் இரண்டாவது தடவை. பக்கத்துத் தெருவிலேயே மருத்துவர் இருப்பது நல்லதாயிற்று.

"கேப்டனா இருபது வருஷம் அந்தப் புள்ளியை நானும் அப்படித்தான் வெச்சேன்," என்றார். "வீட்டுல யாரும் பாத்ததில்ல, அதனால தப்புன்னு தெரியல. அறுபத்தொரு பேரும் சேருங்க. முதல் பேரு என் மருமகன் பேரு. அவன் எங்க சுத்தறான்னு நானும் பாக்கணும்."

விசில் பறந்தது. பெண்கள் வரிசையில் வந்து பேர் கொடுத்தார்கள். குண்டூசியின் கை ஓயவில்லை. பக்கத்தில் அப்பா உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு கடலோடிக்கும், "ரெண்டு கட்டம்டா, ரெண்டு கட்டம்" என்று கண்டிப்பான வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரே நாளில் அவ்வளவு பேசியதை அந்தத் தெரு அதற்குமுன் கேட்டதில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மீட்பு நிலையத்து அதிகாரி வந்தார். குரலை வைத்து ஆறடி உயரம் எதிர்பார்த்தேன்; நேரில் என் தோள்வரைகூட இல்லை. கையில் ஒரு காகிதம். நடந்ததை மேலிடத்துக்கு எழுத வேண்டுமாம்.

"இடத்தைக் கண்டுபிடிச்சது பொண்ணா, ஃபோன்ல பேசின சாரா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரி கிள்ளுவதற்குள்ளேயே மூடிவிட்டேன். எல்லாரும் தங்கச்சியைக் காட்டினோம்.

"தொழில் என்னம்மா?"

"தார்ப்பாய் தைக்கறேன்."

அதிகாரி எழுதினார். அடுத்த வரியில் பேனாவை நிறுத்தினார். "கப்பல் இருந்த இடத்தை எந்த முறையில கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்? கணக்கா, வரைபடமா, கருவியா?"

தங்கச்சி அந்தக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, கூட்டத்துக்கு நடுவில் இரைந்துகொண்டிருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அளந்தேன்னு எழுதிக்குங்க" என்றாள்.